மீட்டர் போர்டு மாத்துறியா? கிலோமீட்டர் எண்ணை விட்டுடாதே!

பழைய காருக்கு மீட்டர் போர்டு மாத்தணும்னு மெக்கானிக் சொல்லிட்டாரா? சரி, மாத்திக்கோ. ஆனா "எவ்வளவு ஆகும்ணே?"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி, "பழைய கிலோமீட்டர் என்னண்ணே ஆகும்?"னு கேளு. இதைக் கேக்காம வண்டியை விட்டுட்டு வர்றவங்கதான் நிறைய. சாயங்காலம் எடுக்கப் போகும்போது முள் ஓடுதா, பெட்ரோல் காட்டுதா, லைட் எரியுதான்னு பாத்துட்டுக் காசைக் கொடுத்துட்டு வந்துடுறாங்க. போர்டுல எந்த எண் ஓடுதுங்கிறது நாலு நாள் கழிச்சுதான் கண்ணுல படுது. அப்போ பழைய போர்டு பட்டறைக் குப்பையில போயிருக்கும்.

கம்பெனி புது போர்டு சைபர்ல இருந்து ஆரம்பிக்கும். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்துல கழட்டின போர்டு வாங்கினா, அது எந்த வண்டியில இருந்துச்சோ அந்த வண்டியோட கணக்கைக் காட்டும். ரெண்டுமே உன் வண்டி ஓடின ஓட்டம் கிடையாது. அந்த எண்ணை நம்பி சர்வீஸ் பண்றது, அடுத்தவங்க ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பாத்து நீ மாத்திரை போட்டுக்குற மாதிரி.

டைமிங் பெல்ட் இருக்குற இன்ஜினா இருந்தா இன்னும் ஜாக்கிரதை வேணும். இத்தனை கிலோமீட்டருக்கு ஒருதரம் பெல்ட்டை மாத்தணும்னு வண்டிப் புத்தகத்துல போட்டிருப்பாங்க. கணக்கு தப்பிப்போய், ஓடும்போது பெல்ட் அறுந்தா, சில இன்ஜின்கள்ல பிஸ்டன் போய் வால்வுல மோதிடும். அப்புறம் இன்ஜினைப் பிரிக்கிற செலவுக்கு முன்னாடி மீட்டர் போர்டு காசெல்லாம் ஒண்ணுமே இல்ல. கியர் ஆயில், ஸ்பார்க் பிளக், ஃபில்டர் எல்லாமே இந்த எண்ணை வச்சுதான் மாத்துறோம்.

உனக்கு நேரம் இல்லைன்னு எனக்குத் தெரியும். கீழே சொல்றதுல 2, 5, 9 மூணையும் மட்டுமாவது செய். மீதியை வண்டி பட்டறையில நிக்கும்போது படிச்சுக்கோ.

1. போர்டுதான் கெட்டுப்போச்சான்னு முதல்ல உறுதி பண்ணு.

நிறைய பேர் தேவையில்லாம போர்டு மாத்துறாங்க. பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி நீயே கொஞ்சம் கவனி:

• வேக முள்ளும் அசையல, கிலோமீட்டரும் ஏறல. மத்ததெல்லாம் நல்லா இருக்கு. அப்போ போர்டு மேல சந்தேகப்படாதே. பழைய மாருதி 800, அம்பாசடர், பத்மினி மாதிரி வண்டின்னா மீட்டர் கேபிள் அறுந்திருக்கும். அதுக்கப்புறம் வந்த வண்டின்னா கியர் பாக்ஸ்ல இருக்குற ஸ்பீடு சென்சாரையும் அதோட ஒயரையும் பாக்கச் சொல்லு.

• முள் ஓடுது, கிலோமீட்டர் உருளை மட்டும் நகரல. உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேஞ்சிருக்கும், இல்ல பல் உடைஞ்சிருக்கும். அதை மட்டும் மாத்திக் கொடுக்குறவங்க இருக்காங்க. வண்டி ஓடிட்டு இருக்கும்போதே டிரிப் மீட்டர் குமிழை அமுக்குற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுடு. பல் உடையிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

• டேஷ்போர்டைத் தட்டினா வேலை செய்யுது, கொஞ்ச நேரத்துல மறுபடி போயிடுது. சால்டர் விட்டுப்போயிருக்கும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கையில கொடுத்தா திரும்ப பத்த வச்சுக் கொடுத்துடுவார்.

• எல்லா முள்ளும், எல்லா லைட்டும் ஒரே நேரத்துல செத்துப்போச்சு. ஃபியூஸ், எர்த் ஒயர். இதைப் பாக்காம "போர்டு போச்சும்மா"ன்னு சொல்றவர்கிட்ட வண்டியை விடாதே.

பழைய போர்டையே சரி பண்ண முடிஞ்சா அதுதான் உனக்கு லாபம். எண் அப்படியே இருக்கும், கீழே சொல்ற வேலை எதுவும் கிடையாது.

2. கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடு.

பேட்டரி ஒயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி எடுக்கணும். கழட்டினதுக்கு அப்புறம் டிஜிட்டல் போர்டுல எண்ணே தெரியாது. சாவியை ஆன் பண்ணி, கிலோமீட்டர் எண் தெளிவாத் தெரியிற மாதிரி கிட்டத்துல ஒரு படம். டிரிப் மீட்டர் எண்ணும் கிலோமீட்டர் எண்ணும் ஒரே இடத்துல மாறி மாறி வரும், எது எதுன்னு பாத்து எடு. அப்புறம் நம்பர் பிளேட்ல ஆரம்பிச்சு, நடந்து வந்து, கதவைத் திறந்து மீட்டர்ல முடியிற மாதிரி ஒரு சின்ன வீடியோ. நிறுத்தாம ஒரே ஓட்டமா எடு. வேற வண்டி மீட்டரைப் படம் பிடிச்சேன்னு நாளைக்கு யாரும் சொல்ல முடியாது.

போன்ல வச்சுக்கிட்டா மட்டும் போதாது. உனக்கே ஒரு மெயில் அனுப்பிக்கோ, இல்ல வீட்டுல ஒருத்தருக்கு வாட்ஸ்அப் பண்ணு. போன் மாத்துனாலும் தேதியோட நிக்கும்.

3. டிஸ்ப்ளேயே செத்துப்போய் எண் தெரியலையா?

பதறாதே. எண் வேற இடங்கள்ல பதிவாகியிருக்கும். கடைசி சர்வீஸ் பில்லைத் தேடு. ஆயில் மாத்தும்போது கதவு ஓரத்துலயோ கண்ணாடியிலயோ ஒட்டுற ஸ்டிக்கரைப் பாரு. வீல் அலைன்மென்ட் பண்ணின ரசீதுல பெரும்பாலும் கிலோமீட்டர் போட்டிருப்பாங்க. இன்சூரன்ஸ் கிளெய்ம் ஏதாவது பண்ணியிருந்தா சர்வேயர் குறிச்சிருப்பார். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வண்டி நம்பரைச் சொன்னா பழைய வருகைகளோட எண்ணெல்லாம் கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துச் சொல்லுவாங்க.

இதை விட நல்ல வழி ஒண்ணு இருக்கு. டிஜிட்டல் போர்டுல கரண்ட் போனாலும் எண் அழியாது. உள்ளே ஒரு மெமரி சிப்ல உக்காந்திருக்கும். திரை செத்திருந்தாலும் சிப்பைப் படிக்கிற கருவி வச்சிருக்குற எலக்ட்ரீஷியன் எண்ணை எடுத்துக் கொடுத்துடுவார். அதனால பழைய போர்டை எந்தக் காரணத்துக்காகவும் பட்டறையில விட்டுட்டு வராதே. "எக்சேஞ்ச்ல கொடுத்துடுங்க, கொஞ்சம் குறைச்சுக்குறேன்"னு கேட்டாலும் கொடுக்காதே.

மீட்டர் ஓடாமலே சில மாசம் வண்டி ஓட்டிட்டியா? அந்த ஓட்டத்தையும் கணக்குப் பண்ணு. வீட்டுல இருந்து ஆபீஸ் 14 கிலோமீட்டர்னு வச்சுக்கோ. போக வர 28, மாசம் 25 நாள்னா 700. மூணு மாசம்னா 2,100. ஊருக்குப் போயிட்டு வந்ததைத் தனியாக் கூட்டிக்கோ. பெட்ரோல் பில் இருந்தா லிட்டரை மைலேஜால பெருக்கி ஒருதடவை சரிபாத்துக்கோ. இது உத்தேசம்தான். போர்டுல ஏத்த வேண்டாம். ஆதாரம் இருக்குற எண்ணை மட்டும் போர்டுல வை. உத்தேசக் கணக்கைத் தாள்ல தனியா எழுதி வை, சர்வீஸ் பண்ணும்போது மட்டும் சேத்துக்கோ.

4. போர்டு வாங்கும்போது முதுகுப்பக்கம் திருப்பிப் பாரு.

பழைய போர்டு பின்னாடி ஒரு ஸ்டிக்கர்ல பார்ட் நம்பர் இருக்கும். அதைப் படம் எடுத்துட்டுக் கடைக்குப் போ. "அதே கார்தாங்க, அப்படியே உக்காரும்"னு கடைக்காரர் சொல்லுவார். உக்காரும்கிறது நிஜம். வேலை செய்யுமாங்கிறது வேற விஷயம். பெட்ரோல் வண்டி போர்டை டீசல் வண்டியில போட்டா ஆர்.பி.எம். முள் தப்பாக் காட்டும். ஏர்பேக், ஏபிஎஸ் இருக்குற வண்டிக்கு அந்த லைட் இல்லாத போர்டைப் போட்டா, உள்ளே பழுது வந்தாலும் உனக்குத் தெரியாமப் போயிடும். சாக்கெட்ல இருக்குற பின் எண்ணிக்கையும் நிறமும் ஒத்துப்போகணும்.

கேபிள் மீட்டர்னா இன்னொண்ணு. டயலோட அடிப்பக்கம் பொடி எழுத்துல 637ன்னோ 1000ன்னோ ஒரு எண் இருக்கும். கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரு, இல்ல போன் கேமராவுல பெருசு பண்ணிப் பாரு. ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் எத்தனை சுத்து சுத்தணும்கிற கணக்கு அது. ஜப்பான் வழி வந்த வண்டிகள்ல 637 சகஜம். உன் பழைய போர்டுல 637 இருந்து, புதுசுல 1000 இருந்தா, நீ 100 கிலோமீட்டர் ஓட்டும்போது அது 64 கிலோமீட்டர்கூடக் காட்டாது. வேக முள்ளும் அதே அளவுக்குக் குறைச்சுக் காட்டும். அது ஆபத்து. அந்த போர்டை எவ்வளவு மலிவாக் கொடுத்தாலும் வாங்காதே.

5. எந்த எண்ணை வைக்கணும்?

உன் பழைய போர்டோட கடைசி எண் எதுவோ, அதேதான். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். வட்டமா 1,35,000ன்னு வைக்கலாமேன்னு மெக்கானிக் கேப்பார். வேண்டாம்னு சொல்லு. 1,34,782ன்னா 1,34,782தான். வட்டமான எண்ணைப் பாத்தாலே வாங்க வர்றவங்களுக்குச் சந்தேகம் வரும். பழைய பில் எல்லாத்தோடயும் ஒத்துப்போறதும் இந்தச் சரியான எண் மட்டும்தான்.

வேற வண்டியில இருந்து கழட்டின போர்டை வாங்கியிருக்க, அதுல 2,10,000 இருக்கு, உன் வண்டி 1,34,782தான் ஓடியிருக்குன்னா, போர்டுல எண்ணைக் கீழே கொண்டு வரலாமான்னு கேக்குற. உன் வண்டியோட உண்மையான எண்ணுக்குக் கொண்டு வர்றதுல தப்பில்ல. அதுக்குக் கீழே ஒரு கிலோமீட்டர் போனாலும் தப்பு. எதுவா இருந்தாலும் படமும் பில்லும் கையில இருக்கணும்.

6. உருளை மீட்டரை டிரில் மெஷின் வச்சு ஏத்துறேன்னு சொன்னா விடாதே.

கேபிள் இருக்குற இடத்துல டிரில்லை மாட்டிச் சுத்தி எண்ணை ஏத்திடலாம்னு ஒரு பேச்சு இருக்கு. கணக்குப் போட்டுப் பாரு. நிமிஷத்துக்கு 1,500 சுத்து சுத்துற டிரில்னு வச்சுக்கோ. 637ஆல வகுத்தா நிமிஷத்துக்கு ரெண்டேகால் கிலோமீட்டர் சொச்சம். வாங்கின போர்டுல இருக்குற 58,310ல இருந்து உன் வண்டியோட 1,34,782க்கு வரணும்னா 76,472 கிலோமீட்டர் ஏத்தணும். ராப்பகலா 22 நாள் டிரில் ஓடணும். அதுக்குள்ளே போர்டு உள்ளே இருக்குற பல்சக்கரமெல்லாம் போயிடும்.

சரியான வழி, முன் கண்ணாடியையும் முள்ளையும் டயலையும் பதமாக் கழட்டி, உருளைத் தண்டை வெளியே எடுத்து, ஒவ்வொரு உருளையையும் கையால திருப்பி வைக்கிறது. உருளைகளுக்கு நடுவுல பொடிப் பல்சக்கரங்கள் இருக்கும், அதுதான் 9 முடிஞ்சதும் பக்கத்து எண்ணை ஒரு படி தள்ளி விடுது. அதை மறுபடி உக்கார வைக்கும்போது எண்ணெல்லாம் ஒரே நேர்கோட்டுல நிக்கணும். ஒரு எண் மேலயும் ஒரு எண் கீழயுமா கோணிக்கிட்டு நின்னா, நீ நேர்மையாச் செஞ்சிருந்தாலும் பாக்குறவங்களுக்கு மீட்டர்ல கை வச்சிருக்காங்கன்னுதான் தோணும். முள்ளைக் கழட்டினவர் அதைப் பழைய இடத்துலயே திரும்பக் குத்தியிருக்காரான்னு பாரு. டயல் மேல விரல் பட்டா கறை நிக்கும், துணி வச்சும் துடைக்க விடாதே.

அஞ்சு இலக்கம் மட்டும் இருக்குற பழைய மீட்டர்னா 99,999க்கு அப்புறம் சைபருக்குத் திரும்பிடும். 1,34,782ங்கிறது 34,782ன்னுதான் தெரியும். அந்த ஒரு லட்சத்தைத் தாள்ல எழுதி வச்சாத்தான் உண்டு.

7. டிஜிட்டல் போர்டுன்னா ஆளைப் பாத்துக் கொடு.

இதுல எண் இருக்குறது நான் சொன்ன மெமரி சிப்ல. எட்டுக் கால் இருக்குற குட்டிக் கறுப்புச் சில்லு, முதுகுல 93சி46, 24சி02 மாதிரி ஏதாவது அச்சடிச்சிருக்கும். சில போர்டுகள்ல தனி சிப் இருக்காது, பெரிய சிப்புக்குள்ளேயே எண் இருக்கும். வேலை தெரிஞ்சவர் பழைய சிப்பைப் படிச்சு, அதே எண்ணைப் புது போர்டுல எழுதுவார். சிலர் பழைய சிப்பையே எடுத்துப் புது போர்டுல வச்சுப் பத்த வைப்பாங்க. ரெண்டும் சரிதான். ஆனா இதைக் கண்டிப்பாச் சொல்லு: எதையும் எழுதுறதுக்கு முன்னாடி ரெண்டு சிப்பையும் படிச்சு, அந்த ஃபைலைச் சேமிச்சு வைக்கணும். ஏதாவது தப்பாப் போனா பழைய நிலைக்குத் திரும்ப அது ஒண்ணுதான் வழி. கேட்டு ஒரு காப்பி நீயும் வாங்கி வச்சுக்கோ.

வோக்ஸ்வேகன் போலோ, ஸ்கோடா ஃபாபியா மாதிரி வண்டிகள்ல சாவியை அடையாளம் கண்டுபிடிக்கிற இம்மொபிலைசர் மீட்டர் போர்டுக்குள்ளேயே இருக்கு. பாதி தெரிஞ்ச ஆள் போர்டை மாத்திட்டார்னா வண்டி ஸ்டார்ட் ஆகி உடனே நின்னுடும். டோ பண்ணித்தான் கொண்டு போகணும். இந்த வண்டி வச்சிருக்கியா, முதல்ல "சாவி கோடிங் பண்ணத் தெரியுமாண்ணே"ன்னு கேளு. தயங்கினார்னா வண்டியைத் திருப்பிடு.

சில கார்கள்ல கிலோமீட்டர் எண் இன்னொரு கம்ப்யூட்டர்லயும் பதிவாகும். போர்டுல ஒண்ணு, அங்கே ஒண்ணுன்னு இருந்தா ஸ்கேனர் போட்டதும் தெரிஞ்சுடும். நீ சரியான எண்ணை வச்சிருந்தா ரெண்டும் ஒத்துப்போகும், உனக்கு ஒரு கவலையும் இல்ல.

இன்னொரு சின்ன விஷயம். பேட்டரி நெகட்டிவைக் கழட்டாம போர்டைப் பிடுங்க விடாதே. போர்டு இல்லாம சாவியை ஆன் பண்ணினா சில வண்டிகள்ல ஏர்பேக் லைட் எரிஞ்சு, ஸ்கேனர் போட்டு அழிக்கிற வரைக்கும் போகாது.

8. எண்ணைச் சேர்க்கவே முடியலைன்னா?

சில ஊர்ல கருவி இருக்காது, சில போர்டுக்கு வழியே கிடைக்காது. பரவாயில்ல. இருக்குற எண்ணோட விட்டுடு, ஆனா எழுதி ஒட்டு.

அமெரிக்காவுல 1972லயே மீட்டர் மோசடியைத் தடுக்கச் சட்டம் வந்துடுச்சு. மீட்டரை மாத்தும்போது பழைய எண்ணை வைக்க முடியலைன்னா சைபர்ல வச்சுட்டு, பழைய எண்ணையும் வேலை செஞ்ச தேதியையும் எழுதி இடது பக்கக் கதவுச் சட்டத்துல ஒட்டணும்கிறது அந்த நாட்டு விதி. அவங்களுக்கு டிரைவர் கதவு இடது பக்கம். நம்ம ஊர்ல அப்படி ஒட்டச் சொல்லிக் கட்டாயம் இல்லைன்னாலும் நல்ல பழக்கத்தை எங்கிருந்து வேணும்னாலும் எடுத்துக்கலாம். டிரைவர் கதவைத் திறந்ததும் தெரியிற தூண்ல ஒட்டு. இப்படி எழுது:

"மீட்டர் போர்டு மாற்றிய தேதி: … பழைய போர்டின் கடைசி எண் 1,34,782. இந்த போர்டின் ஆரம்ப எண் 58,310. உண்மையான ஓட்டத்துக்குக் கூட்ட வேண்டியது 76,472."

கடைசி வரிதான் முக்கியம். இனிமே ஒவ்வொரு தடவையும் கழிச்சுக் கூட்டிக்கிட்டு இருக்க வேண்டாம். போர்டுல 61,450 காட்டினா 76,472ஐக் கூட்டு, 1,37,922. முடிஞ்சது. மாட்டின போர்டுல எண் அதிகமா இருந்தா அதே மாதிரி கழிக்க வேண்டிய எண்ணை எழுது. பேனா மை ஈரம் பட்டா போயிடும், மேல செல்லோ டேப் ஒட்டிடு.

9. பில்லுல எழுதி வாங்கு. வாங்காம வண்டியை எடுக்காதே.

"மீட்டர் வேலை"ன்னு ஒரு வரி கிறுக்கிக் கொடுப்பாங்க. அதை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. வண்டி நம்பர், தேதி, பழைய எண், புது போர்டு வரும்போது இருந்த எண், இப்போ வச்ச எண், இந்த அஞ்சும் இருக்கணும். கையால எழுதினாலும் சரி, கடை சீலும் கையெழுத்தும் வேணும். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல மாத்தினா, வண்டியோட சர்வீஸ் வரலாறுல மீட்டர் மாத்தினதாப் பதிவு பண்ணச் சொல்லு. இல்லைன்னா போன தடவை 1,34,000ன்னு இருந்த வண்டி இந்தத் தடவை 900ன்னு ஏறும். நாளைக்கு வாங்க வர்றவர் வரலாற்றைப் பிரிண்ட் எடுத்து உன் முகத்துக்கு நேரா நீட்டுவார்.

பட்டறை அண்ணன் எழுதித் தர மாட்டேன்னு சொன்னா காரணத்தைக் கேளு. சரியான வேலை செஞ்சவருக்கு எழுதிக் கொடுக்க பயம் இருக்காது.

10. "குறைச்சு வச்சுடலாமா?"

கேப்பாங்க. "எப்படியும் திறந்தாச்சு, 60,000ன்னு வச்சுடுறேன், விக்கும்போது நல்ல விலை போகும்"னு நல்லது சொல்ற மாதிரிதான் சொல்லுவாங்க. வேண்டாம்பா. கேக்கவே கேக்காதே. அந்தக் காரை வாங்கப்போறது யாரு? உன்ன மாதிரியே சீட்டு போட்டு, நகையை வச்சு, முதல் கார் வாங்குற ஒரு குடும்பம். 60,000தான் ஓடியிருக்குன்னு நம்பி டைமிங் பெல்ட்டைப் பாக்காம விட்டுட்டு, பொண்டாட்டி பிள்ளையை ஏத்திக்கிட்டு நெடுஞ்சாலையில போவாங்க. பெல்ட் நடு ரோட்டுல அறுந்தா அவங்க கதி என்ன?

சட்டத்தையும் தெரிஞ்சுக்கோ. பொய்யான எண்ணைக் காட்டி வண்டியை வித்தா அது ஏமாத்துக் குற்றம். 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறையில இருக்குற பாரதிய நியாய சன்ஹிதாவோட 318ஆவது பிரிவு. முன்னாடி 420ன்னு சொல்லுவோமே, அதேதான். ஏமாத்திப் பொருளையோ பணத்தையோ வாங்கினா ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை.

11. மாட்டினதும் அங்கேயே சோதிச்சுப் பாரு.

சாவியை ஆன் பண்ணினதும் ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின், ஆயில், பேட்டரி லைட் எல்லாம் ஒருதடவை எரியணும். இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் அணையணும். அணையாம நின்னா பழுது. எரியவே இல்லைன்னா அது அதை விட மோசம், பல்பைக் கழட்டியிருக்கலாம்.

அப்புறம் மெக்கானிக்கையும் ஏத்திக்கிட்டு கிலோமீட்டர் கல் இருக்குற ரோட்டுல ஒரு ஓட்டம் ஓடு. பத்து கல்லுக்கு மீட்டர் பத்து ஏறணும். கொஞ்சூண்டு முன்னே பின்னே இருந்தா டயர் தேய்மானம்னு விடலாம். எட்டு, பன்னெண்டுன்னு வந்தா போர்டு பொருந்தல. வேக முள் போன்ல காட்டுற ஜிபிஎஸ் வேகத்தை விட ரெண்டு மூணு கூடக் காட்டினா பயப்படாதே, பெரும்பாலான வண்டிகள் அப்படித்தான். குறைச்சுக் காட்டினா ஒத்துக்காதே. உருளை மீட்டர்னா 9ல இருந்து 0க்குத் திரும்பும்போது பக்கத்து எண் கூடவே ஏறுதான்னு கண்ணால பாரு.

பெட்ரோல் முள்ளையும் மறந்துடாதே. பங்க்ல ஃபுல் டேங்க் போட்டுப் பாத்தாத்தான் தெரியும். முள் பாதியில நின்னா, டேங்க்ல இருக்குற மிதவைக்கும் புது போர்டுக்கும் ஒத்துப்போகலைன்னு அர்த்தம்.

12. இன்சூரன்ஸ், ஆர்.சி.

ஓட்டுற அளவுக்குக் காசு கட்டுற இன்சூரன்ஸை 2022 ஜூலையில இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஐஆர்டிஏஐ அனுமதிச்சுது. அந்த பாலிசி எடுத்திருந்தா, மீட்டர் மாத்தின அன்னிக்கே கம்பெனிக்கு மெயில் பண்ணி, படத்தையும் பில்லையும் சேத்து அனுப்பிடு. கிளெய்ம் வரும்போது எண் ஒத்துப்போகலைன்னா உன் பக்கம் நியாயம் இருந்தாலும் இழுத்தடிப்பாங்க. சாதாரண பாலிசின்னாலும் அனுப்பி வை, ஒரு மெயில்தானே.

15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிக்கப் போறியா? வேகத்தைக் காட்டுற மீட்டர் வேலை செய்யணும்கிறது 1989ஆம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகள்லயே இருக்கு. செத்த மீட்டரோட போய் நின்னுட்டுத் திரும்பி வராதே.

13. வண்டியை விக்கும்போது.

ஆர்.சி.யில கிலோமீட்டர் எண் ஏறாது. அதனால நீ சொன்னாத்தான் வாங்குறவருக்குத் தெரியும். பேச்சை ஆரம்பிக்கும்போதே சொல்லிடு: "இந்த வருஷம், இந்தத் தேதியில மீட்டர் போர்டு மாத்தினோம், இதோ பில்லு." விலை பேசி முடிச்சதுக்கு அப்புறம் சொன்னா மறைச்ச மாதிரி ஆயிடும். பேர் மாத்துற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து போடும்போது டெலிவரி நோட்ல மீட்டர் மாத்தின விவரத்தையும், அன்னிக்குக் காட்டுற எண்ணையும், உண்மையான மொத்த ஓட்டத்தையும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. நேரமும் எழுதிக்கோ.

பழைய போர்டை ஒரு கவர்ல போட்டு, மேல வண்டி நம்பரை எழுதி வீட்டுல வச்சிருக்கணும்னு சொல்ல விட்டுட்டேன் பாரு. மழைக்காலத்துல ஈரம் படாத இடமா வை. விக்கிற அன்னிக்கு பில், போட்டோ பிரிண்டோட சேத்து அதையும் வாங்குறவர்கிட்டயே கொடுத்துடு. இனிமே அது அவர் வண்டியோட கணக்கு.